டேஞ்சர், ஹசார்ட், ரிஸ்க், பெரில்: எல்லாமே 'ஆபத்து' தானா?

#1 வரிமாற்றி

நண்பர்களே, ஓர் இயந்திரக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தகடு அழுத்தும் பிரஸ். பன்னிரண்டாம் பக்கத்திலேயே வண்டி நின்றுவிட்டது.

மூலத்தில் இருப்பது: "ஐடென்டிஃபை தி ஹசார்ட்ஸ் அண்ட் அசெஸ் தி ரிஸ்க்." நான் எழுதியது: "ஆபத்துகளைக் கண்டறிந்து ஆபத்தை மதிப்பிடவும்." எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி, ஒன்றை 'அபாயம்' என்று மாற்றலாம் என்றால், எதை மாற்றுவது?

அடுத்த பக்கத்தில் மூன்று ஸ்டிக்கர்கள். டேஞ்சர், வார்னிங், காஷன். அகராதியைத் திறந்தால் அபாயம், எச்சரிக்கை, எச்சரிக்கை. கடைசிப் பக்கத்தில் "அட் யுவர் ஓன் ரிஸ்க்" என்று வேறு ஒரு வரி காத்துக்கொண்டிருக்கிறது.

இவை ஆங்கிலத்தில் நிஜமாகவே வேறு வேறு பொருளா? இல்லை, ஒரே சொல் திரும்பத் திரும்ப வராமலிருக்க மாற்றி மாற்றிப் போடுகிறார்களா?

#2 சும்மாஒருவன்

இரண்டாவதுதான். நாளிதழ் ஆங்கிலத்தில் தலைப்பில் த்ரெட், முதல் பத்தியில் டேஞ்சர், அடுத்ததில் ரிஸ்க் என்று வரும். மூன்றும் ஒரே புயலைத்தான் சொல்லும். ரொம்ப யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் 'ஆபத்து' போடுங்கள்.

#3 எண்ணெய்க்கறை

நாளிதழுக்கு அது சரி. கையேட்டுக்கு ஆகவே ஆகாது. பதினாறு வருடமாகத் தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். ஹசார்டையும் ரிஸ்க்கையும் குழப்புகிறவருக்கு எங்கள் துறையில் முதல் தேர்விலேயே மதிப்பெண் போய்விடும்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் என் பட்டப்பெயரிலேயே இருக்கிறது. கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கை அகலத்துக்கு எண்ணெய் சிந்தியிருக்கிறது. அந்த எண்ணெய்தான் ஹசார்ட். யாரும் வழுக்கி விழாவிட்டாலும், பூட்டிய அறைக்குள் கிடந்தாலும் அது ஹசார்ட்தான். தீங்கு செய்யும் தன்மை அதனிடம் இருக்கிறது, அவ்வளவு போதும். ஐ.எஸ்.ஓ. 45001 என்ற 2018ஆம் ஆண்டுத் தரநிலையும் காயமோ நோயோ உண்டாக்கக்கூடிய மூலம் என்றுதான் அதற்கு விளக்கம் தருகிறது.

ரிஸ்க் என்பது அந்த எண்ணெயில் இல்லை. அந்த வழியாக ஒரு ஷிஃப்டில் எத்தனை பேர் போகிறார்கள், கையில் சுமையோடு போகிறார்களா, விழுந்தால் தலை எங்கே மோதும் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து வரும் கணக்கு அது. அதே எண்ணெய்தான், ஆனால் பூட்டிய அறையில் ரிஸ்க் கிட்டத்தட்ட இல்லை, நடைபாதையில் மிக அதிகம். அதனால்தான் ஹசார்டை 'கண்டறி' என்கிறார்கள், ரிஸ்க்கை 'மதிப்பிடு' என்கிறார்கள். வினைச்சொல்லே மாறுகிறது, கவனித்தீர்களா? எண்ணெயைக் கண்ணால் பார்க்கலாம். கணக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

டேஞ்சர் எப்போது வரும்? ஒருவர் இரும்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு, காலடியைப் பார்க்காமல், அந்த எண்ணெயை நோக்கி நடந்து வருகிறாரே, அப்போது. 'ஹீ இஸ் இன் டேஞ்சர்.' அந்த நேரத்தில் யாரும் கணக்குப் போடுவதில்லை, கத்துவார்கள்.

இந்த வேறுபாடு தெரியாததால் உலகமே ஒருமுறை குழம்பியது. 2015 அக்டோபரில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை முதலாம் வகைப் பட்டியலில் சேர்த்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் அதே பட்டியல். உடனே "இறைச்சியும் சிகரெட்டும் ஒரே அளவு ஆபத்து" என்று செய்திகள் ஓடின. அந்தப் பட்டியல் சொல்வது ஹசார்டை மட்டும். 'இது புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு வலுவாக இருக்கிறது' என்பதுதான் அந்த வகைப்பாடு. எவ்வளவு உண்டாக்கும் என்பது ரிஸ்க், அது வேறு கணக்கு. இதை அந்த முகமையே விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று.

#4 வரிமாற்றி

அண்ணா, இந்த எண்ணெய் உதாரணம் ஒன்றே போதும். அப்படியானால் அந்த மூன்று ஸ்டிக்கர்கள்? அவையும் கணக்கா?

#5 எண்ணெய்க்கறை

ஆமாம், அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. அமெரிக்கத் தரநிலை, இசட்535 வரிசை. சொல்லிலேயே பதில் இருக்கிறது.

டேஞ்சர், சிவப்பு: தவிர்க்காவிட்டால் சாவோ கடும் காயமோ நேரும்.
வார்னிங், ஆரஞ்சு: தவிர்க்காவிட்டால் சாவோ கடும் காயமோ நேரலாம்.
காஷன், மஞ்சள்: சிறிய அல்லது நடுத்தரக் காயம் நேரலாம்.

முதலிரண்டிலும் விளைவு ஒன்றுதான். 'நேரும்', 'நேரலாம்' என்ற ஒரு விகுதிதான் வித்தியாசம். எத்தனையோ மொழிபெயர்ப்பில் இரண்டுக்குமே 'நேரலாம்' என்று போட்டிருப்பதைப் பார்த்து நொந்துபோயிருக்கிறேன். ஆளைக் காக்கும் சொல்லை மரியாதைக்காக மென்மையாக்கிவிடுகிறார்கள். நீலத்தில் 'நோட்டீஸ்' என்று ஒன்றும் இருக்கும். அது பொருள் சேதத்துக்கு, ஆளுக்கு அல்ல.

ரசாயனப் புட்டிகளில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ரசாயனங்களை வகைப்படுத்தி லேபிள் ஒட்டுவதற்கான ஐ.நா.வின் ஜி.எச்.எஸ். முறை. அதில் டேஞ்சர், வார்னிங் இரண்டே சொற்கள். கடுமையானதற்கு டேஞ்சர், அதற்குக் கீழே வார்னிங். காஷன் கிடையாது.

#6 இரவுப்பணி

நான் செவிலியர். இந்தச் சொல் பட்டியலால் ஒருமுறை மானம் போனது, சொல்கிறேன்.

வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். இரவு இரண்டரை மணி. ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே வருகிறது. பணி மருத்துவருக்குப் போன் போட்டு, பதற்றத்தில் "டாக்டர், தி பேஷன்ட் இஸ் வெரி டேஞ்சரஸ்" என்றேன். மறுமுனையில் ஒரு நொடி அமைதி. பிறகு அவர் கேட்டார்: "யாரையாவது அடித்துவிட்டாரா? காவலாளியை அனுப்பட்டுமா?" எண்பது வயது மனிதர், கையைத் தூக்கவே தெம்பில்லை!

நம் மொழியில் 'ஆபத்தான நிலையில் இருக்கிறார்' என்கிறோம். அந்த 'ஆபத்தான' அப்படியே டேஞ்சரஸ் ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் டேஞ்சரஸ் என்றால் அடுத்தவருக்கு ஆபத்து. தனக்கு ஆபத்து என்றால் 'இன் டேஞ்சர்'. பிழைத்துக்கொண்டால் 'அவுட் ஆஃப் டேஞ்சர்'. 'அவுட் ஆஃப் ரிஸ்க்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இன்னொன்றும் அங்கே கற்றேன். 'அட் ரிஸ்க்' என்று கோப்பில் எழுதினால் பதற வேண்டாம், பார்த்துக்கொள்ள வேண்டும். எழுந்து நடந்தால் விழக்கூடிய நோயாளியின் கட்டிலில் 'ஃபால் ரிஸ்க்' அட்டை மாதக்கணக்கில் தொங்கும். 'இன் டேஞ்சர்' அப்படித் தொங்காது, அது அந்த நிமிடத்துக்கு உரியது.

#7 சொல்வேர்

செவிலியர் அக்கா சொன்னது அருமை. கொஞ்சம் வேருக்குள் இறங்கட்டுமா?

டேஞ்சர் என்பது தொடக்கத்தில் ஆபத்தே இல்லை. லத்தீனில் 'தோமினுஸ்' என்றால் எசமானன், பிரபு. அங்கிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல் இது. முதற்பொருள் ஒரு பிரபுவின் அதிகாரம், பிடி. ஒருவனுடைய டேஞ்சருக்குள் இருப்பது என்றால் அவன் நினைத்தால் நம்மை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று பொருள். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில், வழக்கறிஞர் வேடத்தில் வரும் போர்ஷியா, கடன்பட்ட அன்டோனியோவிடம் "நீர் இவருடைய டேஞ்சருக்குள் நிற்கிறீர், அப்படித்தானே?" என்று கேட்பது இந்தப் பழைய பொருளில்தான்.

ஹசார்ட் ஒரு பகடை ஆட்டத்தின் பெயர். அரபியில் பகடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று பலர் சொல்வார்கள், எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. பிரெஞ்சில் இன்றும் 'அசார்' என்றால் தற்செயல், ஆபத்து இல்லை. ஆங்கிலத்தில் 'ஹசார்ட் எ கெஸ்' என்று சொல்லும்போது அந்தப் பகடை இன்னும் உருள்கிறது: குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லிப் பார்ப்பது. கோல்ஃப் ஆட்டத்தில் தண்ணீர்க் குட்டையை 'வாட்டர் ஹசார்ட்' என்றார்கள். 2019இல் விதிகளைத் திருத்தியபோது 'பெனால்டி ஏரியா' ஆக்கிவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

ஜெப்பர்டியும் ஆட்டம்தான். பழைய பிரெஞ்சில் 'பங்கிட்ட ஆட்டம்', அதாவது இரு பக்கமும் சமமாக இருக்கும் ஆட்டம். எந்தப் பக்கமும் சாயலாம் என்ற நிலை மெல்ல மெல்ல ஆபத்தாகிவிட்டது. இன்று சட்டத்தில்தான் அதற்கு உறுதியான இடம். ஒரே குற்றத்துக்கு ஒருவரை இருமுறை விசாரிக்கக் கூடாது என்பது 'டபுள் ஜெப்பர்டி'. 1791இல் சேர்ந்த அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது.

பெரில், லத்தீன் 'பெரிகுலும்'. முதற்பொருள் முயற்சி, சோதனை. எக்ஸ்பீரியன்ஸ், எக்ஸ்பெரிமென்ட், எக்ஸ்பர்ட் எல்லாம் அதே வேர். பட்டுத் தெரிந்துகொள்வது!

த்ரெட் மட்டும் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. முதலில் கூட்டம் என்று பொருள், பிறகு நெருக்குவது. நம்மிடமும் நெருக்கு, நெருக்கடி இருக்கிறதே, அதே பாதை.

#8 சும்மாஒருவன்

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரஸ் இயந்திரத்தில் கையை விடப்போகிறவனுக்குப் பகடையும் பிரபுவும் எதற்கு? வேர்ச்சொல் தெரிந்து யாருக்குச் சரியான ஆங்கிலம் வந்திருக்கிறது?

#9 சொல்வேர்

நியாயம். வேரை வைத்து இன்றைய பொருளைத் தீர்மானிக்க முடியாது. அப்படிப் பார்த்தால் நம் 'ஆபத்து'ம் 'அபாய'மும் இரண்டு வடசொற்கள். ஒன்று மேலே வந்து விழுவது, இன்னொன்று விலகிப்போவது, அதாவது இழப்பு. இன்று யார் அப்படிப் பிரித்துப் பேசுகிறார்கள்?

ஆனாலும் ஒன்று சொல்வேன். டேஞ்சரின் இலக்கணத்தில் அந்தப் பழைய பிரபு இன்னும் உட்கார்ந்திருக்கிறார். 'இன் டேஞ்சர்' என்று ஏன் ஓர் இடம் போலச் சொல்கிறார்கள்? ஒருவர் அதற்குள் போகிறார், வெளியே வருகிறார். ரிஸ்க் அப்படியில்லை. 'டேக் எ ரிஸ்க்', 'ரன் எ ரிஸ்க்'. எடுப்பதும் ஏற்பதும் நம் கையில். டேக் என்றால் தெரிந்தே எடுப்பது, ரன் என்றால் அதற்கு ஆட்பட்டு நிற்பது. 'டேக் எ டேஞ்சர்' என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார்.

#10 பாலிசிக்காரன்

காப்பீட்டுத் துறையிலிருந்து ஒரு குரல். எங்களிடம் இதே சொற்கள் இன்னொரு விதமாகப் பிரியும். எண்ணெய்க்கறை அண்ணன் கோபிக்கக் கூடாது.

தீ ஒரு பெரில். புயல், திருட்டு, வெள்ளம், எல்லாம் பெரில். இழப்பை நேரடியாக உண்டாக்குவது எதுவோ அது. அடுப்புக்குப் பக்கத்தில் பெட்ரோல் கேனை வைத்திருப்பது ஹசார்ட். அது தானாக எதையும் எரிக்காது, ஆனால் எரியும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ரிஸ்க் என்பதை நாங்கள் ரொம்பத் தாராளமாகப் புழங்குவோம். இழப்பு வரும் வாய்ப்பும் ரிஸ்க், காப்பீடு செய்த கட்டடமும் ரிஸ்க். "நேற்று ரிஸ்க்கைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்" என்று என் மேலாளர் சொன்னால் கிடங்கைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று பொருள்.

'மாரல் ஹசார்ட்' தெரியுமில்லையா? காப்பீடுதான் இருக்கிறதே என்று ஆள் கவனத்தைத் தளர்த்துவது. அதை 'ஒழுக்க ஆபத்து' என்று யாரோ மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்தேன். வேறு ஏதோ விவகாரம் போலத் தொனித்தது.

பெரில் பேச்சு வழக்கிலிருந்து கிட்டத்தட்டப் போய்விட்டது. எங்கள் பாலிசிகளிலும் 'அட் யுவர் பெரில்' என்ற மிரட்டலிலும் மட்டும் உயிரோடு இருக்கிறது. லண்டன் காப்பீட்டுச் சந்தையான லாயிட்ஸ் 1779இல் வகுத்த கப்பல் காப்பீட்டுப் படிவத்தில் 'அட்வென்ச்சர்ஸ் அண்ட் பெரில்ஸ்' என்று சேர்ந்தே வரும். அட்வென்ச்சர் அங்கே உல்லாசப் பயணமல்ல. சரக்கும் கப்பலும் கடலில் இறங்கிவிட்டன, இனி நடப்பது நடக்கும் என்ற நிலை. 1906ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடல் காப்பீட்டுச் சட்டத்திலும் 'மரைன் அட்வென்ச்சர்' உண்டு.

#11 அலைவரிசை

கடலைப் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் எட்டிப்பார்க்கிறேன். கப்பல் ரேடியோவில் மூன்று சொற்கள் உண்டு, மூன்றும் பிரெஞ்சிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றையும் மூன்று முறை சொல்ல வேண்டும்.

எஞ்சின் நின்றுவிட்டது, காற்று அமைதி, சுற்றிலும் ஆழ்கடல். அப்போது 'பேன் பேன்'. பிரெஞ்சில் 'பான்' என்றால் பழுது. அவசரம்தான், ஆனால் உயிருக்கு உடனடியாக ஒன்றுமில்லை. அதே கப்பல் அதே பழுதோடு பாறையை நோக்கி அடித்துச் செல்லப்பட்டால் 'மேடே'. கடுமையான, உடனடியான ஆபத்து, உடனே உதவி வேண்டும் என்று பொருள். வழியில் ஒரு மிதக்கும் கொள்கலனைப் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால் 'செக்யூரிடே'. பாருங்கள், பழுது மாறவே இல்லை. பாறை எவ்வளவு தொலைவு என்பதுதான் சொல்லை மாற்றுகிறது.

மேடேயை உருவாக்கியவர் லண்டனின் கிராய்டன் விமான நிலைய ரேடியோ அதிகாரி ஃபிரெடரிக் மாக்ஃபோர்ட், 1920களின் தொடக்கத்தில். அங்கிருந்து பாரிசின் லெ பூர்ஜே நிலையத்துக்குத்தான் நிறைய விமானங்கள் போய்வந்தன. அதனால் இரு பக்கமும் புரிகிற மாதிரி, பிரெஞ்சில் 'எனக்கு உதவுங்கள்' என்பதன் ஒலியை எடுத்தார். ஏற்கெனவே இருந்த உதவிக் குறியான எஸ்.ஓ.எஸ். தந்திக்குச் சரி, குரலில் 'எஸ்' காதில் விழாமல் போகும். இன்னொன்று, அந்த எஸ்.ஓ.எஸ். எதற்கும் சுருக்கமல்ல. 1906 பெர்லின் மாநாட்டில் ஏற்றது அந்தப் புள்ளி கோடு வரிசையைத்தான். 'எங்கள் ஆன்மாக்களைக் காப்பாற்றுங்கள்' என்பது பிறகு ஒட்டவைத்த கதை.

#12 முதல்பெஞ்சு

ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு சந்தேகம். 'ஐ ரிஸ்க்ட் டு லூஸ்' என்று எழுதினேன், சிவப்புக் கோடு போட்டார்கள். ஏன்? அப்புறம், த்ரெட்டுக்கும் டேஞ்சருக்கும் என்ன வித்தியாசம்?

#13 சொல்வேர்

தம்பி, ரிஸ்க் வினையாக வந்தால் பின்னால் 'லூசிங்' மாதிரி இங் வடிவம்தான் வரும், 'டு' வராது. 'த்ரெட்டன்' அதற்கு நேரெதிர், அங்கே 'டு' வரும்.

த்ரெட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மூலம் நிற்கும்: யாரோ மிரட்டுகிறார்கள், ஏதோ நெருங்கி வருகிறது. இன்னும் வந்து சேரவில்லை. மழை மிரட்டுவது போலவும் சொல்லலாம். உயிரினப் பட்டியலிலும் இதைக் காணலாம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என்.னின் செம்பட்டியலில் 'த்ரெட்டன்ட்' என்பது பெரிய குடை. அதன் கீழ் வல்னரபிள், எண்டேஞ்சர்ட், கிரிட்டிகலி எண்டேஞ்சர்ட் என்று மூன்று படிகள். 'எண்டேஞ்சர்ட்' என்ற ஒன்றை மட்டும் எடுத்து எல்லா அரிய விலங்குக்கும் போடுவது தவறு.

போனஸாக ஒன்று: 'பிவேர்' என்ற சொல்லுக்கு இறந்த காலம் கிடையாது. 'பிவேர்ட்' என்று எழுதிவிடாதே. முடிந்துபோனதைப் பற்றி எச்சரித்து என்ன பயன் என்று ஆங்கிலத்துக்கே தோன்றியிருக்கிறது போல.

#14 எண்ணெய்க்கறை

எச்சரிக்கைச் சொல்லே ஆளைக் கொல்லக்கூடிய ஒரு கதை இருக்கிறது. 'இன்ஃப்ளேமபிள்' என்றால் எளிதில் தீப்பற்றும். ஆனால் முன்னால் 'இன்' இருப்பதால் 'தீப்பற்றாது' என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். லத்தீனில் அந்த 'இன்' மறுப்பல்ல, உள்ளே தீ மூட்டுவது. அகராதி எவ்வளவு சரியாக இருந்தாலும் டாங்கர் ஓட்டுநர் தவறாகப் படித்தால் முடிந்தது கதை. அதனால் அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கம் 1920களிலேயே 'ஃப்ளேமபிள்' என்று மட்டும் எழுதச் சொல்லி வலியுறுத்தியது. இன்று இரண்டுக்கும் ஒரே பொருள். இலக்கணத்தை உயிருக்காக வளைத்தார்கள், எனக்கு அதில் முழுச் சம்மதம்.

#15 வரிமாற்றி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தினேன். ஹசார்டுக்குத் 'தீங்கு மூலம்', ரிஸ்க்குக்கு 'இடர்'. வரி இப்போது: "தீங்கு மூலங்களைக் கண்டறிந்து, ஒவ்வொன்றாலும் வரும் இடரை மதிப்பிடவும்." கொஞ்சம் புத்தக வாடை அடிக்கிறது, தெரியும். 'அட் யுவர் ஓன் ரிஸ்க்' வரிக்கு 'ஆபத்து'ம் இல்லை, 'இடரு'ம் இல்லை. 'உங்கள் சொந்தப் பொறுப்பில்' என்று போட்டேன். அங்கே ரிஸ்க் என்பது யார் தலையில் விடியும் என்ற கேள்விதானே.

#16 சும்மாஒருவன்

பட்டறையில் யாரும் 'இடர்' என்று சொல்லமாட்டார்கள், 'ரிஸ்க்' என்றுதான் சொல்வார்கள். ஸ்டிக்கருக்கு என்ன செய்தீர்கள்?

#17 வரிமாற்றி

உள்ளே 'இடர் (ரிஸ்க்)' என்று முதல்முறை மட்டும் கொடுத்திருக்கிறேன். ஸ்டிக்கரில் பேரபாயம், அபாயம், கவனம் என்று மூன்று படி.

நேற்று மாதிரி அச்சு வந்ததும், அதே பிரஸ்ஸை ஓட்டும் ஒருவரிடம் காட்டினேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மேல இருக்கிறதுக்கும் நடுவுல இருக்கிறதுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்றார். நான் 'நேரும்', 'நேரலாம்' என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் அதற்குள் கீழே சின்ன எழுத்தில் இருந்த வரியைப் படித்துவிட்டார்: "கை நசுங்கும். மின்சாரத்தை அணைக்காமல் கதவைத் திறக்காதீர்கள்." விரலை அதன் மேல் வைத்து, "இதைப் பெருசாப் போடுங்க" என்றார்.

#18 எண்ணெய்க்கறை

போடுங்கள். எழுத்தின் அளவுக்கும் விதி இருக்கிறது, தனிமடலில் அனுப்புகிறேன்.